துணி பீரோவில் போட்ட பந்தல்

உக்காரு தாயி, உக்காரு. இந்த மஞ்சப்பையை மடியில வெச்சுக்கிறேன், நீ நல்லா சாஞ்சு உக்காரு. பழனியில ஏறுறவுகளுக்கு என்னைக்கு எடம் கெடைச்சுருக்கு? நான் கம்பத்துல இருந்தே வர்றேன். கோயம்புத்தூருக்கா நீயும்? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். கோர்ட்டுக்கு.

மூஞ்சியை அப்படி வெச்சுக்காத, நான் ஒண்ணும் கொலை பண்ணல. சாட்சி சொல்லப் போறேன். பதினொரு மணிக்குள்ள வந்துருங்கன்னு வக்கீல் சொன்னாரு. என்ன சொல்லணுங்கிறதையும் அவரே சொல்லிக் குடுத்துட்டாரு. ரெண்டே வரி. "அந்தச் செடியை வளர்த்தது என் மருமக கோகிலா. எனக்கு ஒண்ணும் தெரியாது." அம்புட்டுத்தான். நேத்துல இருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். மொத வரி நல்லா வருது. ரெண்டாவது வரி வர மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் தெரியாதாம்! எனக்கு!

அந்த ரெண்டு வரியைச் சொன்னா என் மகன் தவசி வெளிய வந்துருவானாம். பத்து மாசமா உள்ள கெடக்கான். ஒத்தப் புள்ள தாயி. அவ உள்ள போயிருவாளேன்னு நான் கேக்கல. வக்கீலும் சொல்லல.

என் பேரு குருவம்மா. திராட்சைத் தோட்டத்துல கவாத்து வேலை, முப்பது வருசமா. நீ பழத்தைத் தின்னுருப்ப, பந்தலைப் பாத்துருக்க மாட்ட. கல்லுக்கால் நட்டு, மேல கம்பியை இழுத்து, அதுல கொடியைப் படர விடுறது. வேண்டாத தளிரை நறுக்கணும், வேண்டியதை வளைச்சு வாழைநாரால கம்பியோட கட்டணும். நாளெல்லாம் தலைக்கு மேல கையைத் தூக்கிக்கிட்டே நிக்கணும். இப்பப் பாரு, இந்தத் தோளு இதுக்கு மேல போகாது. ஆனா என் கட்டு ஒண்ணு அவுந்துச்சுன்னு ஒரு தோட்டக்காரரு சொன்னதில்ல. கொடி பெருத்தாலும் நோகாது, காத்தடிச்சாலும் நகராது. எங்க பக்கம் "குருவம்மா கட்டு"ன்னே சொல்லுவாக. நீ வேணா வந்து கேட்டுப் பாரு.

தவசி கோயம்புத்தூர்ல ஏசி மாட்டுற வேலை பாத்தான். அந்த ஊருக்காரியவே இழுத்துக்கிட்டு... சரி, இழுத்துக்கிட்டுன்னு சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கிட்டாக. நல்ல செவத்த புள்ளதான். "ஏனுங் அத்தை, சாப்பிட்டீங்களா"ன்னு அவ கேட்டா, எனக்குக் கடைக்காரி கேக்குற மாதிரியே இருக்கும். என்னமோ ஒட்டல. போன வருசம் அவ முழுகாம இருக்கா, ரெண்டு மாசம், சோறு தங்க மாட்டேங்குதுன்னு தவசி போன் போட்டான். பொறப்பட்டுப் போனேன்.

ரெண்டு ரூம்பு வீடு. பின் ரூம்புல ஒரு துணி பீரோ. தெரியும்ல, குழாயை மாட்டி, மேல துணியைப் போர்த்தி, ஜிப்பு வெச்சுருக்குமே, அதுதான். ரெண்டு பீரோவைச் சேர்த்துத் தச்சு ஒண்ணாக்கியிருந்தான். எனக்கு என்ன தெரியும்? நாலு சேலையை உள்ள வைப்போம்னு ஜிப்பை இழுத்தேன். ஆத்தாடி! உள்ள வெயில் அடிக்குது தாயி! சோறு பொட்டலம் கட்டுற வெள்ளித்தாளைச் சுத்தியும் ஒட்டி, மேல பெரிய லைட்டைத் தொங்க விட்டு, ஒரு சின்ன ஃபேனு கிர்ருன்னு ஓடுது. கீழ நாலு பக்கெட்டு, பக்கெட்டுக்கு ஒரு செடி.

என்ன செடின்னு எனக்குத் தெரியாது. இதை நல்லாக் கேட்டுக்க. இலை வெரல் வெரலா விரிஞ்சு, ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி இருந்துச்சு. ஏதோ வெளிநாட்டு ஆமணக்குன்னு நெனச்சேன். வாசமா? வாசம் ஒண்ணும் தெரியல. எனக்கு அப்பச் சளி.

தவசி வந்தான். மொகம் வெளுத்துப் போச்சு. "அம்மா, அது மருந்துச் செடிம்மா. வலிக்குத் தைலம் எடுக்க ஒருத்தன் கேட்டுருக்கான். யாருகிட்டயும் வாயைத் தொறக்காத"ன்னான். மருந்துச் செடிக்கு எதுக்குடா பீரோன்னு நான் கேட்டுருக்கணும். கேக்கல. ஏன்னா எனக்கு வேற ஒண்ணு கண்ணுல பட்டுருச்சு.

அந்தச் செடிக்கு மேல வாலிபால் வலை ஒண்ணைத் துண்டா வெட்டிக் கட்டியிருந்தான். செடியை நெட்டுக்குப் போக விடாம, வலைக்கு அடியில படர விடணும்னு போன்ல ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக் குடுக்குறானாம். இவனும் பாத்துட்டுச் செஞ்சுருக்கான். எப்படி? நைலான் கயித்தைப் போட்டுத் தளிரோட கழுத்தை இறுக்கி வெச்சுருக்கான்! ரெண்டு தளிரு அறுந்தே போச்சு. இன்னும் ரெண்டு வலையைத் துளைச்சுக்கிட்டு மேல போயி லைட்டுல கருகிக் கெடக்கு. "கொலகாரா, இதுக்குப் பேரு பந்தல்டா, உங்க ஆத்தா முப்பது வருசம் இதுலதான்டா உனக்குச் சோறு போட்டா"ன்னு கத்திட்டேன்.

அன்னைக்கே பூக்கடையில வாழைநார் வாங்கிட்டு வரச் சொன்னேன். நாரை நனைச்சு, வலையை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, தளிரை ஒண்ணொண்ணா வளைச்சு எடம் பாத்து விட்டேன். ஒண்ணு மேல ஒண்ணு நெழலு விழக் கூடாது. எல்லாப் பந்தலும் அதுதான. ஒரு நாள்ல வராது. தெனமும் காலையில ஜிப்பைத் தொறக்கணும், யாரு தலையைத் தூக்கியிருக்கான்னு பாக்கணும், தட்டிக் குடுத்து வளைக்கணும். ஒரு மாசத்துல பாரு தாயி, வலை தெரியல! விரிச்ச பாயி மாதிரி ஒரே பச்சை.

தவசி வேலை விட்டு வந்தா நேரா பின் ரூம்புக்குத்தான் வருவான். நானும் அவனும் அந்த ஜிப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்துருப்போம். "அம்மா, நீ இல்லாட்டி இது ஒண்ணுமே இல்லம்மா"ன்னான் ஒரு நாளு. இவன் பதினஞ்சு வயசுக்கு மேல என்கிட்ட "ம்"முன்னும் "சரி"ன்னும் தவிர பேசுனதே கெடையாது. தோட்டத்துல இருந்து வந்தா என் கையில கறை இருக்கும், கூட்டாளிக முன்னாடி என்னை அம்மான்னு காட்டவே கூச்சப்படுவான். அந்தப் பய என் கையைப் புடிச்சுப் பாக்குறான்! "எப்படிம்மா இதை வளைக்குற, ஒடியாம"ன்னு கேக்குறான்! எனக்கு அன்னைக்குச் சந்தோசத்துல சோறு எறங்கல. அந்தச் சந்தோசம் எனக்கு வேணுமா இல்லையா? நீயே சொல்லு.

கோகிலாவுக்குத்தான் ஆகல. ஜிப்பைத் தொறந்தாலே வாந்தி எடுப்பா. மசக்கை, எல்லாத்துக்கும் வாந்திதான். ஒரு நாளு என் பக்கத்துல வந்து உக்காந்து மெதுவாக் கேட்டா, "அத்தை, இது என்ன செடின்னு உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா?" நான் செம்பை எடுத்துக்கிட்டு பக்கெட்டுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டேன். என்னத்தைச் சொல்ல? அந்த வாசம் எங்க அய்யா சட்டையில இருபது வருசமா இருந்த வாசம்... இல்ல, அதை விடு. சளின்னு சொன்னேன்ல.

உடுமலை தாண்டிருச்சா? இன்னும் இல்லையா. சரி.

ஒரு ஞாயித்துக்கிழமை புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் பெரிய சண்டை. "இதையத் தூக்கி வெளிய போடுங்க. என்ற வயித்துல ஒரு உசுரு இருக்குதுங்க. இல்லீன்னா நானே போலீசுக்குப் போறேன்"னு அவ சொன்னா. என் காதால கேட்டேன். இதை நல்லா மனசுல வெச்சுக்க. நானே போலீசுக்குப் போறேன்னு சொன்னவ அவ. யாரு காட்டிக் குடுத்தான்னு நீயே தெரிஞ்சுக்கிருவ.

அதுக்குள்ள செடி பூ வெச்சுருச்சு. கொத்துக் கொத்தா, வலைக்கு மேல, எல்லாம் ஒரே ஒசரத்துல. இன்னும் ஒரு வாரத்துல அறுக்கலாம்னான் தவசி. எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தோட்டமா இருந்தாலும் மொதக் கொத்து கருப்பசாமிக்கு. நார்ல கட்டி அருவா முன்னாடி வெச்சுட்டு வந்துதான் அறுப்புல கை வெப்போம். இல்லாட்டி அடுத்த பூப்புல ஒண்ணும் நிக்காது. தவசிகிட்டச் சொன்னா சிரிப்பான். கோகிலாகிட்டச் சொன்னேன். பதறிப் போனா. "அத்தை, கும்புடறேனுங்க, அதைய வாசலுக்கு வெளிய கொண்டு போகாதீங்க"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. சாமி காரியத்துக்குக் குறுக்க நிக்கிறா பாருன்னு எனக்கு அப்பவே கோவம்.

செவ்வாக்கிழமை அவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. நான் நல்ல கொத்தா ஒண்ணைப் பாத்து நறுக்கி, நார்ல கட்டி, வாழை எலையில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க கருப்பசாமி இல்ல. தெருமுனையில முனியப்பன் இருக்காரு. யாரா இருந்தா என்ன, அருவா இருக்குதுல்ல. எலையை விரிச்சு வெச்சுட்டுக் கும்புட்டேன். என் மகனும் நானும் இப்படியே இருக்கணும் சாமின்னுதான் கேட்டேன். அவ பேரைச் சொல்லிக் கேக்க மறந்துட்டேன்.

பக்கத்துல ஒரு தம்பி கும்புட்டுக்கிட்டு இருந்தாரு. முடியை ஒட்ட வெட்டியிருந்தாரு, பழுப்புக் கலர் பூட்சைக் கழட்டி வாசல்ல வெச்சுருந்தாரு. ரொம்பத் தன்மையான மனுசன். எலையைக் குனிஞ்சு பாத்துட்டு, "இது என்னங்கம்மா?"ன்னாரு. மொதக் கொத்து தம்பின்னேன். "எவ்வளவு அழகா கட்டியிருக்கீங்க. எந்த ஊரும்மா நீங்க?"ன்னாரு. கம்பம்னேன். "இங்க எங்க தங்கியிருக்கீங்க?"ன்னாரு. அந்த ஊர்ல என்னை ஒரு ஆளு நின்னு விசாரிச்சது அன்னைக்குத்தான் தாயி. வீட்டு அடையாளத்தைச் சொன்னேன். வீட்டுக்குள்ளயே பந்தல் போட்டுருக்கோம்னும் சொன்னேன். "நல்ல கைம்மா உங்களுக்கு"ன்னாரு.

மறுநாள் காலையில போலீஸ் வந்துருச்சு.

நான் இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன். நாலு பேரு. நேரா பின் ரூம்புக்குத்தான் போனாக. அதுல ஒருத்தரை எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு, எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே. ஜிப்பை இழுத்தாக. பெரிய அதிகாரி ஒருத்தரு, அப்படியே நின்னுட்டாரு. வலையை ஒரு வெரலாலத் தொட்டுப் பாத்துட்டு, "ஏய், இதைக் கட்டுனது யாரு?"ன்னு கேட்டாரு. தவசி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் கரண்டியும் கையுமா நிக்கிறேன். என் வாயி வரைக்கும் வந்துருச்சு, நான்தான் சாமின்னு. முப்பது வருசத்துல ஒரு அதிகாரி என் கட்டைப் பாத்து நின்னதில்ல.

அதுக்குள்ள இவ முன்னாடி வந்து நின்னா. அஞ்சு மாச வயித்தோட. "நான்தானுங்க கட்டுனேன். அத்தைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஊர்ல இருந்து நேத்துத்தான் வந்தாங்க. அவங்களை விட்டுருங்க"ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? நான் வந்து மூணு மாசம் ஆச்சு, நேத்து வந்தேனாம். நான் ராப்பகலா கண்ணுல வெச்சுப் பாத்த பந்தலை அவ கட்டுனாளாம். எனக்கு ஒண்ணும் தெரியாதாம்! அந்த வலையில இருநூறு கட்டு இருந்துச்சு தாயி. இருநூறும் என் கை. ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாக. என்னை ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நான் அந்த இட்லியை எடுத்து வெச்சுட்டு, அடுப்பை அணைச்சுட்டு, ஊருக்குப் பஸ் ஏறிட்டேன்.

அவ அம்பது நாளு உள்ள இருந்தா. வயித்துப் புள்ளக்காரின்னு ஜாமீன் குடுத்து விட்டுட்டாக. தவசிக்குக் கெடைக்கல. புள்ள பொறந்துருச்சு, பொம்பளப் புள்ள, ஆறு மாசம் ஆகுது. நான் போகல. போன் போட்டா, "அத்தை, பாப்பாவைப் பாக்க வாங்க"ன்னு. எடுத்தேன், கேட்டேன், வெச்சுட்டேன். காட்டிக் குடுத்தவ வீட்டுக்கு எப்படிப் போறது? என் வேலையைத் தன் வேலைன்னு சொன்னவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?

வக்கீலுக்கு இது தோதாப் போச்சு. "அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு. வீட்டு அக்ரிமெண்டும் அது பேர்லதான். நீங்க வந்து ஆமான்னு ரெண்டு வரி சொன்னாப் போதும்மா"ன்னாரு.

மஞ்சப்பையிலயா? இட்லி இருக்கு, ஒரு சேலை இருக்கு. அப்புறம் இது... வசம்பு வளையல். புள்ளைக்கு. கோர்ட்டுக்கு அவ தூக்கிட்டு வருவாள்ல. காத்து கருப்பு அண்டாம இருக்கும், வயிறும் உப்பாது. நானே கோத்தேன். ஏன் அப்படிப் பாக்குற? பேத்திக்கு வளையல் போடுறதுல என்ன தப்பு?

அடடா, உன் பை காது அறுந்து போச்சா! இந்த டிரைவரு பிரேக்கு போடுறதைப் பாரு. பஞ்சாமிர்த டப்பாவை எடு, கால்ல மிதிபட்டுரும். இரு, இரு, நான் கட்டித் தர்றேன். இடுப்புல எப்பவும் நாலு நார் சொருகியிருப்பேன், பழக்க தோசம். உன் பாட்டில்ல இருந்து கொஞ்சம் தண்ணி ஊத்து, நாரு நனையணும். பாரு, இப்படி ஒரு சுத்து, மறிச்சு இப்படி, வெரலு போற அளவு எடம் விட்டு... முடிஞ்சுது. தூக்கிப் பாரு. இழுத்துப் பாரு. வருதா? வராது. கத்தியாலத்தான் அறுக்கணும்.

ஒரு தடவை பாத்தா உனக்கு வராது தாயி. கோகிலாவும் ஒரு நாளு வந்து உக்காந்தா, "நானும் பழகறேனுங் அத்தை"ன்னு. நாரைக் குடுத்தேன். என்னத்தையோ சுத்துனா. கையை எடுத்ததும் பொலபொலன்னு அவுந்து விழுந்துச்சு. அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன். அந்த ஒரு நாளுதான் ரெண்டு பேரும் சேந்து சிரிச்சது.

என்ன சொன்ன?

திருப்பிச் சொல்லு. வண்டிச் சத்தத்துல கேக்கல.

என்னைக் காப்பாத்தவா? அப்படியா சொல்ற? என்னை விட்டுட்டுப் போகட்டும்னா அவ அப்படிச் சொன்னா?

பத்து மாசமா எங்க ஊர்ல ஒருத்தரும் இதை என்கிட்டச் சொல்லலையே. சொல்லிருந்தாலும் நான் கேட்டுருக்க மாட்டேன். கோயில்ல பாத்த தம்பியா? அவருக்கு என்ன இப்ப? சும்மா இரு தாயி. சாமி முன்னாடி நின்னு பேசுனவரு... செவ்வாக்கிழமை நான் போனேன். புதன்கிழமை அவுக வந்தாக. அதுக்கு?

அந்தச் சன்னலைத் தொற.

எனக்குப் பயமா இருக்கு. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, தெரியும் தாயி. ஜிப்பைத் தொறந்த அன்னைக்கே தெரியும். எங்க அய்யா கஞ்சா குடிச்சுக் குடிச்சே தோட்டத்துல விழுந்து செத்தவரு. அந்த வாசம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் ஜிப்பை மூடாம, உள்ள கையை விட்டேன். என் மகன் என்கிட்டப் பேசுனானே. இன்னும் ஒரு மாசம் பேசட்டும், இன்னும் ஒரு மாசம் பேசட்டும்னு வளைச்சு வளைச்சுக் கட்டுனேன்.

அந்த வலையைக் கோர்ட்டுலதான் வெச்சுருக்காகளாம். நாரோட, கட்டோட. இருநூறும் அப்படியே இருக்கும், என் கட்டு அவுறாதே. ஜட்ஜு அவ கையில ஒரு நாரைக் குடுத்து, எங்கம்மா, ஒண்ணு கட்டிக் காட்டுன்னு சொன்னா அந்தப் புள்ள என்ன செய்யும்? ஆறு மாசக் குழந்தையை ஒரு கையில வெச்சுக்கிட்டு? ஒருத்தரும் கேக்காட்டியும், என் கட்டைப் பாத்து இதை அவ கட்டுனான்னு என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்? அது என்னால முடியாது. தவசி என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான். பரவால்ல. மறுபடியும் "ம்"முன்னு சொல்லட்டும், அதுகூட இல்லாமப் போகட்டும்.

பொள்ளாச்சி வந்துருச்சா? இன்னும் ஒரு மணி நேரமா. அந்த மிச்ச நாரைக் கீழ போட்டுறாத, இங்க குடு. எதுக்கா? கூண்டுல ஏறி நான்தான் கட்டுனேன்னு சொன்னா நம்ப மாட்டாக. கட்டிக் காட்டணும்ல.

அப்புறம் இன்னொரு உதவி செய்யி தாயி. எனக்குக் கோர்ட்டு வாசல்ல எறங்கத் தெரியாது, எந்த எடம்னு மட்டும் சொல்லிரு. கொஞ்சம் முன்னாடியே போயிறணும். கூண்டுல ஏறுறதுக்கு முந்தியே இந்த வளையலைப் புள்ள கையில போட்டுறணும். அதுக்கப்புறம் போட விடுவாகளோ என்னமோ.